இல்லாத ஆளுக்கு ஒரு நேர்முகம்

அந்த லிஃப்ட் கம்பெனியின் மனிதவள மேலாளருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அது பயன்படவில்லை. ஆபீஸ் முழுக்க அவரைச் "சமத்துவம்" என்றுதான் சொன்னார்கள். முதுகுக்குப் பின்னால்தான், ஆனால் காதில் விழுகிற தூரத்தில். வாயைத் திறந்தால் அந்தச் சொல்தான் வரும். காபி மெஷின் பழுதான அன்று, "எல்லா மாடிக்கும் சமமாகக் காபி கிடைக்காது" என்று சுற்றறிக்கை விட்டவர் அவர்.

அவர் அறைச் சுவரில் ஒரு படம் தொங்கியது. கறுப்பு, வெள்ளை, மாநிறம் என்று உலகத்து நிறங்களில் எல்லாம் கைகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கும். அந்தப் படத்தைத் தாண்டினால் அந்த மாடியில் ஒரே நிறத்துக் கைகள்தான். சாயங்காலம் தரை துடைக்க வருகிறவர்களின் கைகளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அவை ஒப்பந்தக்காரருடைய கைகள்.

கம்பெனிக்கு லிஃப்ட் மெக்கானிக்குகள் மூன்று பேர் தேவைப்பட்டார்கள். விளம்பரம் கொடுத்து வெகுநாள் ஆகிவிட்டது. "தகுதியான ஆள் கிடைக்கவில்லை" என்று சமத்துவம் ஒவ்வொரு கூட்டத்திலும் அறிக்கை படித்தார். இதற்கிடையே நகரத்தின் லிஃப்ட்டுகள் பாதி மாடியில் நின்று மனிதர்களைச் சிந்திக்க வைத்துக்கொண்டிருந்தன. இருக்கிற மெக்கானிக்குகளை வைத்துக்கொண்டு ஓடி ஓடி சூப்பர்வைசருக்கு இடுப்பு விட்டுப்போனது. மாத்திரை டப்பாவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தார்.

இந்த நேரம் பார்த்துத்தான் தொழில் சங்கம் கம்பெனிக்குச் சமவாய்ப்பு விருது கொடுத்தது. எதற்குக் கொடுத்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயமாக இருக்கலாம். விருது என்று வந்தால் விழா வேண்டும், விழா என்றால் பேச்சாளர் வேண்டும். வேலைக்கு ஆள் எடுப்பதில் நடக்கும் இனப் பாகுபாட்டைப் பற்றி ஆராய்ச்சி செய்து, பத்திரிகையில் செய்தியாக வந்த ஒரு பெண்மணி பல்கலைக்கழகத்தில் இருந்தார். அவரைக் கூப்பிடலாம் என்றார் சமத்துவம். அவரே வேறு நிறம், வேறு மாதிரிப் பெயர். போட்டோவுக்குப் பொருத்தமாக இருக்கும்.

அழைப்பு வந்த அன்று ஆய்வாளரின் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள்: ஆய்வாளர், அவர் கணவர், கணவரின் தம்பி. இந்தக் கொழுந்தன் லிஃப்ட் மெக்கானிக். ஆஸ்பத்திரி லிஃப்ட்டுகளைப் பராமரித்த ஒரு சின்ன ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்த்தான். அவர் கடையை மூடிவிட்டார். அன்றிலிருந்து பார்சல் வேன் ஓட்டுகிறான். அதில் ஒன்றும் குறைவில்லை. சிக்கல் என்னவென்றால், மெக்கானிக் உரிமம் வைத்திருப்பவன் ஒரு வருடம் தொழிலை விட்டு விலகி இருந்தால் உரிமம் செத்துப்போகும். மறுபடி பயிற்சி நிலையத்தில் முதல் பெஞ்சில் போய் உட்கார வேண்டும். அந்த வருடம் முடிய ஒரு மாதம்தான் இருந்தது.

"அந்தக் கம்பெனியா கூப்பிட்டிருக்கு?" என்றான் கொழுந்தன். "நான் அப்ளிகேஷன் போட்டு ஒரு வார்த்தை பதில் இல்ல. உங்களுக்கு மட்டும் கார் அனுப்பட்டுமான்னு கேக்கறாங்களா அண்ணி?"

"நான் வேலை கேக்கலையே. அதான் மரியாதை."

கணவருக்கு முகம் மலர்ந்தது. "நல்லதாப் போச்சு. பேசி முடிச்சு டீ குடிக்கிறப்ப முதலாளியம்மா காதுல ஒரு வார்த்தை போட்டு வை. என் கொழுந்தன், தங்கமான பையன்னு."

"போட மாட்டேன்."

"ஏன், வாய் சுளுக்கிக்குமா?"

"காதுல போடுற வார்த்தையிலதான் இந்த ஊர்ல பாதி வேலை நிரம்புது. அது தப்புன்னு எழுதிட்டு இருக்கேன். மேடையில ஒண்ணு, டீ மேஜையில ஒண்ணுன்னு பேசச் சொல்றீங்களா?"

"சரி, பேரையாவது சுருக்கச் சொல்லு இவனை. முன்பாதியை வெட்டிட்டா உள்ளூர்ப் பேர் மாதிரியே இருக்கும்."

"நேர்ல போறப்ப மூஞ்சியில எந்தப் பாதிண்ணே வெட்டறது?" என்றான் தம்பி.

கணவர் சாப்பாட்டில் கவனமானார். கொழுந்தன் விடவில்லை. "அண்ணி, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. எனக்குப் பதில் வராததுக்குக் காரணம் என் பேருதானே?"

"தெரியாது."

"தெரியாதா! இவ்வளவு ஆராய்ச்சி பண்ணிட்டு!"

"ஆயிரக்கணக்கான பேருக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்லுவேன். உன் ஒருத்தனுக்கு ஏன் நடந்துச்சுன்னு சொல்ல முடியாது. உன் விண்ணப்பம் மேஜைக்கு அடியில விழுந்துகூட இருக்கலாம்."

"எல்லா ஆபீஸ்லயும் மேஜைக்கு அடியில நான் மட்டும்தான் விழுவேனா?"

"அதேதான் தம்பி நானும் எழுதியிருக்கேன். கொஞ்சம் நீட்டி, அடிக்குறிப்போட."

அவன் சிரித்துவிட்டான். சிரித்தாலும் பேச்சை விடவில்லை. "கார் நான் ஓட்டறேன். அந்தக் கம்பெனி உள்ள எப்படி இருக்குன்னாவது பார்த்துட்டு வர்றேன்."

விழா நாளில் வரவேற்பு மேஜையில் இருந்த பெண் இருவரையும் பார்த்துப் புன்னகைத்தாள். ஆய்வாளருக்கு அட்டை தயாராக இருந்தது. கொழுந்தனைப் பார்த்து, "நீங்க எங்கிருந்து வர்றீங்க?" என்றாள்.

"பஸ் டிப்போவுக்குப் பின்னாடித் தெருவுலேருந்து."

"இல்ல, உண்மையில எங்கிருந்து?"

"உண்மையிலயும் டிப்போவுக்குப் பின்னாடிதாங்க. வேணும்னா முன்னாடி வந்துடறேன்."

அவள் குழம்பி அவனுக்கு "உதவியாளர்" என்று எழுதிய அட்டையைக் கொடுத்தாள். உதவியாளர் என்று ஆகிவிட்டதால் மடிக்கணினியின் ஒயரைப் புரொஜெக்டரில் செருகிவிட்டு அதன் பக்கத்திலேயே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டான்.

கூட்டம் நிறைந்திருந்தது. வந்தால்தான் மதியம் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்று அறிவித்திருந்தார்கள். முன்வரிசையில் முதலாளியம்மா. அப்பா விட்டுப்போன கம்பெனியை இரண்டு மடங்காக்கியவர். கையில் எப்போதும் புகார் வந்த லிஃப்ட்டுகளின் பட்டியல் இருக்கும், பேச்சு சலித்தால் அதைப் படிப்பார். கடைசி வரிசையில் சூப்பர்வைசர், இடுப்புக்கு ஒரு தலையணையை முட்டுக் கொடுத்திருந்தார்.

சமத்துவம் வரவேற்புரை ஆற்றினார். ஆற்றினார் என்பதைவிட ஓட விட்டார் என்று சொல்லலாம். "நிறம் என்பதே எங்கள் கண்ணுக்குத் தெரியாது" என்று அவர் முடித்தபோது, கம்பெனியின் லோகோவுக்கு எந்த நீலம் போடுவது என்று அவர் ஆறு மாதம் சண்டை போட்டதை அறிந்தவர்கள் குனிந்து செருப்பைப் பார்த்தார்கள்.

ஆய்வாளர் எழுந்தார். அவருடைய பேச்சில் அலங்காரம் கிடையாது.

"நாங்க பண்ணது ரொம்பச் சின்ன வேலை. ரெண்டு விண்ணப்பம் எழுதினோம். படிப்பு, அனுபவம், பயிற்சி எல்லாம் சமம். ஒண்ணுக்கு உள்ளூர்ப் பேர், இன்னொண்ணுக்கு என்னை மாதிரி ஆளுங்களோட பேர். எந்த விண்ணப்பத்துக்கு எந்தப் பேருங்கறதைக்கூடக் காசைச் சுண்டிப் போட்டுத்தான் முடிவு பண்ணோம். ரெண்டையும் ஒரே வேலைக்கு அனுப்பினோம். அப்புறம் போன் அடிக்குதான்னு காத்துட்டிருந்தோம். இதையே நூத்துக்கணக்கான கம்பெனிக்குப் பண்ணோம். உள்ளூர்ப் பேருக்கு ரெண்டு தடவை அடிச்சா, இன்னொரு பேருக்கு ஒரு தடவை அடிச்சுது."

விற்பனைப் பிரிவில் ஒருவர் கையைத் தூக்கினார். "அவங்க இந்தப் பக்கத்து மொழியைச் சரியாப் பேச மாட்டாங்களோன்னு யோசிச்சிருக்கலாமே மேடம்?"

"யோசிக்கலாம். அதனால பாதி ஜோடியில, இங்கேயே பிறந்து இங்கேயே படிச்ச ஆள்னு பள்ளிக்கூடப் பேரோட எழுதினோம். போன் அதுக்காக ஒண்ணும் கூடுதலா அடிக்கல."

"தற்செயலா இருக்கலாம் இல்லையா?"

"ஒரு கம்பெனியில நடந்தா தற்செயல்தான். தராசுத் தட்டு ஒரு தடவை சாஞ்சா காத்துன்னு சொல்லலாம். கடை கடையா ஏறி இறங்கியும் எல்லாக் கடையிலயும் ஒரே பக்கமே சாஞ்சா, அது காத்து இல்ல, தராசு. அதனால எந்தத் தனி ஆளையும் கெட்டவங்கன்னு நான் சொல்லல. எங்கெங்க அனுப்பினோம்னும் சொல்ல மாட்டேன். அது எங்க தொழில் விதி."

முதலாளியம்மா பட்டியலை மடியில் கவிழ்த்து வைத்தார். பேச்சைக் கேட்கிறார் என்று அர்த்தம். ஆபீஸே நிமிர்ந்து உட்கார்ந்தது.

சமத்துவம் துள்ளி எழுந்தார். இந்த நிமிடத்துக்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தார் என்பது அவர் டையைச் சரிசெய்த விதத்திலேயே தெரிந்தது. "மேடம் சொல்ல வேண்டாம். எங்களுக்கும் அனுப்பினீங்கன்னு நாங்களே கண்டுபிடிச்சுட்டோம்!"

அவர் விரலைச் சொடுக்க, ஒரு நீலப் பெட்டி மேடைக்கு வந்தது. உள்ளே விண்ணப்பங்கள்.

நடந்தது இதுதான். ஆய்வைப் பற்றிய செய்தியை அவர் பத்திரிகையில் படித்திருந்தார். தலைப்பும் முதல் இரண்டு வரியும். "போலி விண்ணப்பங்கள் அனுப்பி ஆய்வு" என்ற இடத்தில் டீ வந்துவிட்டது. டீ குடித்து முடிப்பதற்குள் கம்பெனியைக் காப்பாற்ற ஒரு திட்டம் பிறந்துவிட்டது. அன்றிலிருந்து, வெளியூர்க்காரப் பெயரும் முழுத் தகுதியும் சேர்ந்து வருகிற விண்ணப்பம் எல்லாம் இந்தப் பெட்டிக்குள் போயிற்று. வெளியூர்ப் பெயரோடு அரைகுறைத் தகுதியில் வந்தவை, தகுதியில்லை என்று குப்பைக்குப் போயின. இப்படி இரண்டு வாசலையும் சமமாக அடைத்திருந்தார்.

"ஒரு உதாரணம் காட்டறேன்" என்று ஒரு விண்ணப்பத்தைத் திரையில் போட்டார். பெயரை மட்டும் கறுப்பு மையால் மறைத்திருந்தார். அந்தரங்கம் காக்க வேண்டுமே. "கேளுங்க. தொழிற்பயிற்சியில முதல் வகுப்பு. ஆஸ்பத்திரி லிஃப்ட்டுல நாலு வருஷ அனுபவம். கதவுப் பூட்டு அமைப்புக்குத் தனிப் பயிற்சி. முதலுதவிச் சான்றிதழ். மூணு மொழி பேசுவாராம். பொழுதுபோக்கு, பழைய ரேடியோ ரிப்பேர்! அந்தப் பேருல இப்படி ஒரு ஆள் இருக்க முடியுமா? கொஞ்சம் அதிகமாவே ஜோடிச்சுட்டீங்க மேடம். இப்படி ஒருத்தர் இல்லவே இல்லைன்னு பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு."

கைதட்டல் கேட்டது. புரொஜெக்டர் பக்கத்தில் ஒருவன் மட்டும் கையை மடியில் வைத்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆய்வாளர் நிதானமாகக் கேட்டார். "எங்க விண்ணப்பம் ஜோடியா வரும்னு சொன்னேன் இல்லையா? ஒண்ணு எங்க பேர், ஒண்ணு உள்ளூர்ப் பேர். உள்ளூர்ப் பேர்ல வந்த போலி எத்தனை பிடிச்சீங்க?"

சமத்துவத்துக்குக் கேள்வியே விளங்கவில்லை. "உள்ளூர்ப் பேர்ல எப்படி மேடம் போலி வரும்?"

சொன்ன பிறகு அந்த வாக்கியம் மண்டபத்தில் அங்கங்கே போய் உட்கார்ந்தது. கைதட்டியவர்கள் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் திண்டாடினார்கள்.

"இன்னொண்ணு" என்றார் ஆய்வாளர். "விண்ணப்பம் அனுப்பறதைப் போன வருஷமே நிறுத்திட்டோம். செய்தி வந்ததே அதுக்கப்புறம்தான். இந்தப் பெட்டியில இருக்கறது எதுவும் நாங்க அனுப்பினது இல்ல."

"அப்ப இதெல்லாம் யாரு?"

"சார்" என்று புரொஜெக்டர் பக்கமிருந்து ஒரு குரல். கொழுந்தன் எழுந்து நின்றிருந்தான். "திரையில இருக்கறது நான்தான்."

"எது?"

"அந்த இல்லாத ஆள்."

சமத்துவம் அவனை மேலும் கீழும் பார்த்தார். தோல்வியை ஒப்புக்கொள்கிற ரகம் இல்லை அவர். "மேடம், நடிக்க ஆளையே கூட்டிட்டு வந்துட்டீங்களா?"

கொழுந்தன் பர்ஸிலிருந்து உரிம அட்டையை எடுத்து நீட்டினான். சமத்துவம் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார், வளைத்துப் பார்த்தார். கடிக்காமல் விட்டது பெரிய மனசு.

கடைசி வரிசையிலிருந்து சூப்பர்வைசர் தலையணையைப் பிடித்துக்கொண்டே கேட்டார். "தம்பி, அந்த ஆஸ்பத்திரியில எந்த லிஃப்ட் அடிக்கடி மக்கர் பண்ணும்?"

"பின்கட்டுல இருக்கறது. ஸ்ட்ரெச்சரை இடிச்சு இடிச்சுக் கதவைக் கோணலாக்கிட்டாங்க. நிமித்திட்டு வருவோம், திரும்ப இடிப்பாங்க."

"இப்பவும் இடிக்கறாங்க. இப்ப அது நம்ம தலையில." சூப்பர்வைசர் முதலாளியம்மாவைப் பார்த்தார். "இருக்கான் மேடம். இவன் இருக்கான்."

ஒரு மனிதன் இருக்கிறான் என்று இடுப்புவலிக்காரர் ஒருவர் சான்று கொடுத்த பிறகுதான் மண்டபம் மூச்சு விட்டது. சிரிப்பும் வந்தது. முதலாளியம்மா மட்டும் சிரிக்கவில்லை. "ஆள் கிடைக்கலைன்னு கூட்டத்துக்குக் கூட்டம் அறிக்கை படிச்சீங்களே. ஆளை எல்லாம் பெட்டியில போட்டு மூடி வச்சுட்டா படிச்சீங்க?"

"போலின்னு நினைச்சு..."

"அங்க லிஃப்ட்டுல மாட்டினவங்க போலி இல்லையே!"

ஆனால் அவரும் வியாபாரிதான். நிலைமையைச் சட்டென்று கணக்குப் போட்டார். கேமராக்காரர் இருக்கிறார், மேடை இருக்கிறது, விருது மேஜையில் மினுங்குகிறது. எழுந்து கொழுந்தனிடம் வந்து கையை நீட்டினார். "தப்பு எங்களோடது. இன்னிக்கே, இப்பவே, இந்த மேடையிலேயே உங்களுக்கு வேலை கொடுக்கறேன்."

மண்டபம் அதிர்ந்தது. கேமரா தோளுக்கு ஏறியது. கொழுந்தனின் கை பாதித் தூரம் போய்விட்டது.

"வேலை கொடுக்காதீங்க" என்றார் ஆய்வாளர்.

"அண்ணி!"

"இவர் என் வீட்டுக்காரரோட தம்பி" என்றார் ஆய்வாளர், முதலாளியம்மாவிடம். "அது தெரிஞ்சுக்கிட்டு மேல கேளுங்க. இவர் இங்க நிக்கறதுக்குக் காரணம், என்னைக் காருல கூட்டிட்டு வந்தது. பெட்டியில இருக்கற மத்தவங்களுக்கு மேடையில பேசற அண்ணி கிடையாது. எல்லாரையும் கூப்பிடுங்க. உள்ளூர்ப் பேர்ல வந்தவங்களையும் கூப்பிடுங்க. ஒரே கேள்வி, ஒரே வரிசை, ஒரே சோதனை. மதிப்பெண் போடறவங்க தனித்தனியாப் போட்டு ஒப்படைச்ச பிறகுதான் ஒருத்தரோட ஒருத்தர் பேசணும். ஆளைப் பார்த்ததும் மனசுல எழற குரலுக்கு அப்பதான் வேலை குறையும். நாங்க படிச்ச ஆராய்ச்சி எல்லாம் சொல்ற மருந்து இதுதான். கசக்கும், ஆனா ரொம்பச் செலவு இல்ல."

முதலாளியம்மா கையைத் திரும்ப எடுத்துக்கொண்டார். "இவர் தேறலைன்னா?"

"தேறலைன்னா வேண்டாம்."

வீடு திரும்பும் வழியில் கார் நாலு சிக்னல் தாண்டியது. ஐந்தாவதில் கொழுந்தன் வெடித்தான்.

"கைக்கு வந்த வேலை அண்ணி!"

"கைக்கு வந்தது போட்டோ."

"போட்டோவோட வேலையும் வந்திருக்குமே! உரிமம் தப்பிச்சிருக்குமே! அடுத்த வீட்டுக்காரிகூட இப்படிப் பண்ண மாட்டா. எங்கண்ணன் கேட்டா உங்களை என்ன சொல்லுவான் தெரியுமா?"

"அவர் சொல்றது இருக்கட்டும். நீ நாளைக்கு ஒரு போல்ட்டைச் சரியா முடுக்கலைன்னா, மேடையில கிடைச்ச ஆள்தானேன்னு சொல்லுவாங்க. முடுக்கினாலும் சொல்லுவாங்க. அப்புறம் அந்தப் பெட்டியில கிடக்கறவங்க?"

"அவங்களுக்கு இந்த மாசம் உரிமம் போகலையே!"

"உனக்கு எப்படித் தெரியும்?"

பின்னால் வந்த கார் ஹாரன் அடித்த பிறகுதான் பச்சை விழுந்ததைக் கவனித்தான். கொஞ்ச தூரம் போன பிறகு ஆய்வாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "எனக்கும் பயமாத்தான்டா இருக்கு" என்றார்.

"நல்லாப் பயப்படுங்க" என்றான். பிறகு, "சோதனையில என்ன கேப்பாங்க?" என்றான்.

"தெரியாது. தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன்."

"அதானே பார்த்தேன்."

முதலாளியம்மா ஒரு காரியத்தை முடிவு செய்தால் அது சாயங்காலத்துக்குள் நடக்கும். பெட்டியில் இருந்தவர்களுக்கெல்லாம் போன் போயிற்று. இருபது பேருக்குக் கிட்ட இருந்தார்கள். சிலர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். ஒருவர், "இப்பத்தான் என் ஞாபகம் வந்துச்சா?" என்று கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டார். மற்றவர்கள் வந்தார்கள். உள்ளூர்ப் பெயர்க்காரர்களும் வந்தார்கள். ஆய்வாளர் முறையை எழுதிக் கொடுத்துவிட்டு, உறவுக்காரர் தேர்வு எழுதுகிற இடத்தில் தனக்கு வேலை இல்லை என்று அந்தப் பக்கமே போகவில்லை.

பட்டறையில் ஒரு கட்டுப்பாட்டுப் பலகையில் சூப்பர்வைசர் வேண்டுமென்றே ஒரு கோளாறை ஒளித்து வைத்தார். எல்லாருக்கும் அதே கோளாறு. பிறகு எல்லாருக்கும் அதே கேள்விகள். மதிப்பெண் போட மூன்று பேர்: சூப்பர்வைசர், ஒரு பழைய மெக்கானிக், சமத்துவம். ஒவ்வொருவர் வெளியே போனதும் சமத்துவம் பழக்கதோஷத்தில் பக்கத்து நாற்காலிப் பக்கம் சாய்ந்து, "ஆள் எப்படி? நம்மளோட ஒத்துப்போவாரா?" என்று கிசுகிசுப்பார்.

"லிஃப்ட்டோட ஒத்துப்போனாப் போதும் சார். பேசாம மார்க் போடுங்க" என்பார் சூப்பர்வைசர்.

பத்துப் பேர் உள்ளே போய் வருவதற்குள் சமத்துவத்துக்கு வினோதமான ஒரு சோர்வு வந்தது. எதைப் பார்த்து மதிப்பெண் போடுவது என்று இத்தனை வருடத்தில் முதல்முறையாக யோசிக்க வேண்டியிருந்தது. தாளில் குறித்துக்கொண்ட பதிலைப் பார்த்துத்தான் போட வேண்டும் என்று தெரிந்ததும் மூக்குக்கண்ணாடியைத் தேடினார்.

முடிவு வந்த அன்று கொழுந்தன் வீட்டுக்கு வந்தபோது ஆய்வாளர் அடுப்படியில் இருந்தார். அடுப்பில் எதுவும் இல்லை, சும்மா நின்றுகொண்டிருந்தார். கணவர் கதவருகே செருப்பைப் போட்டுக்கொண்டும் கழற்றிக்கொண்டும் இருந்தார்.

"என்ன ஆச்சு?" என்றார்கள் இரண்டு பேரும்.

"மூணாவது" என்றான்.

"மூணாவதா?" என்றார் அண்ணன். "நீயா? ரேடியோவை எல்லாம் பிரிச்சுப் பிரிச்சு மாட்டுவியே?"

"ஒரு கேள்வியில சறுக்கிட்டேன். லிஃப்ட்டுல ஆள் மாட்டிக்கிட்டா முதல்ல என்ன பண்ணுவீங்கன்னு கேட்டாங்க. மேல மெஷின் ரூமுக்கு ஓடுவேன்னு சொன்னேன். முதல்ல கதவுகிட்ட போய் உள்ள இருக்கறவங்களோட பேசணுமாம். எங்க ஒப்பந்தக்காரர் பேச விட்டதே இல்ல, ஓடத்தான் விட்டார்."

"முதல்ல வந்தது யாரு?"

"ஒரு அக்கா. பெட்டியில இருந்தவங்கதான். பஸ் ஓட்டிட்டு இருந்தாங்களாம். ரெண்டாவது ஒரு உள்ளூர்ப் பையன், நல்லாப் பண்ணான்."

"எத்தனை இடம்?" என்றார் ஆய்வாளர். அவருக்குத் தெரியும். அவன் வாயால் கேட்க வேண்டும் போலிருந்தது.

"மூணு."

ஆய்வாளர் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். கணவருக்கு மட்டும் மனசு ஆறவில்லை. "முதலாவதா வந்திருந்தா அந்தக் கம்பெனிக்கு நல்ல பாடமா இருந்திருக்கும்."

"எதுக்குங்க?" என்றார் ஆய்வாளர். "இந்த ஊர்ல உள்ளூர்க்காரன் மூணாவதா வந்து, சறுக்கி வந்து, தூங்கி வழிஞ்சு வந்துகூட வேலைக்குச் சேர்ந்துட்டுத்தான் இருக்கான். நம்ம ஆள் மட்டும் ஒவ்வொரு தடவையும் உலகத்துலேயே பெரிய கெட்டிக்காரனா இருந்தாத்தான் உள்ள விடுவாங்கன்னா, அதுவும் அதே வியாதிதான். மூணாவதா வந்து வேலை வாங்கியிருக்கான். எனக்கு இதைவிடப் பெரிய ஆதாரம் வேணாம்."

"திட்டறீங்களா, பாராட்டறீங்களா அண்ணி?"

"ரெண்டும்தான். முதல்ல பேசணும்னுகூடவா தெரியாது?"

சமத்துவம் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த ரகத்துக்கு ஆவதில்லை. அடுத்த மாதம் தொழில் சங்கக் கூட்டத்தில், "எங்கள் நிறுவனம் கண்டுபிடித்த புதிய தேர்வு முறை" என்று ஒரு மணி நேரம் பேசினார். அதில் ஒரு நல்லது நடந்தது. தானே கண்டுபிடித்ததாகச் சொல்லிவிட்டதால் இனி அந்த முறையைக் கைவிட அவரால் முடியாது.

உரிமம் புதுப்பித்து வந்த வாரம், ஆஸ்பத்திரிப் பின்கட்டு லிஃப்ட் மறுபடி நின்றது. உள்ளே ஒரு நர்ஸும், காலி ஸ்ட்ரெச்சரும், ஒரு வார்டு பையனும். கொழுந்தனும் பஸ் ஓட்டிய அக்காவும் கருவிப்பெட்டியோடு போனார்கள். மாடிப்படியைப் பார்த்ததும் அவன் கால் தானாக மேலே ஏறப் பார்த்தது.

"ஏய் மூணாவது, எங்க ஓடற?" என்றார் அக்கா. "பேசு முதல்ல."

அவன் கோணல் கதவருகே போய் வாயை வைத்தான். "பயப்படாதீங்க, நாங்க வந்துட்டோம்."

"யாருப்பா அது?" என்று உள்ளிருந்து நர்ஸின் குரல்.

"மெக்கானிக்குங்க" என்றான். "கொஞ்சம் கதவை விட்டுத் தள்ளி நில்லுங்க, அந்த ஸ்ட்ரெச்சரையும் கெட்டியாப் பிடிச்சுக்குங்க."